சாட்சிக் கால்

என் வலது தொடை நாளுக்கு நாள் தேறி வருகிறது என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது மட்டுமில்லை, நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன். முப்பது வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் எழுதினால் அதில் தப்பு இருக்காது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் என்றால் நானும் என் கணவரும்தான்.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உத்தியோகம். எலியின் தொடைத் தசையைப் பொடியாக நறுக்கி, அதிலிருந்து தசை ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, தட்டில் வளர்த்துக் கொடுக்க வேண்டும். பட்டம் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். ஆனால் அவர்களுக்குச் செல் வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். அதனால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு, மறைக்கவில்லை.

இந்தச் செல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தசை என்பது நீள நீளமான இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்கும் மேலே மெல்லிய உறை உண்டு. இழைக்கும் உறைக்கும் நடுவில், தலையணைக்கும் அதன் உறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட புளியங்கொட்டை மாதிரி, இவை ஒட்டிக்கொண்டு கிடக்கும். பெருகாது, வளராது, அதிகம் தின்னாது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். செத்துப் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். தசை கிழிந்தால் எழுந்திருக்கும். எழுந்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒன்றோடொன்று சேர்ந்து புது இழை ஆகிவிடும், அல்லது கிழிந்த இழையோடு போய் ஒட்டிக்கொள்ளும். எழுந்தவற்றில் சில மட்டும் இந்த வேலையில் சேராமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த தடவைக்கும் ஆள் வேண்டுமே.

தூக்கம் என்று நாங்கள் சொன்னாலும் அவை சும்மா கிடப்பதில்லை. அப்படித் தூங்கிக்கொண்டே இருப்பதற்கே பாடுபட வேண்டியிருக்கிறது. பக்கத்து இழையும் ‘இப்போது எழுந்திருக்காதே’ என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் தசையில் கத்திரிக்கோலை வைத்த உடனேயே அவை விழிக்க ஆரம்பித்துவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ லட்சம் செல்களைப் பிரித்திருப்பேன். உண்மையிலேயே தூங்குகிற ஒன்றைத் தட்டில் பார்த்திருக்கிறேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், லஸ் பக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது. தப்பு என்னுடையதுதான், ஒரு கையில் போன், இன்னொரு கையில் குடை. வலது முட்டி நடைபாதைக் கல்லில் மோதியது. விழாமல் இருப்பதற்காக முழுப் பலத்தோடு காலை விறைத்ததில் தொடையும் கிழிந்தது. முட்டிச் சில்லில் விரிசல், அதற்கு மேலே தசையில் கிழிசல். ஆபரேஷன் வேண்டாம், ஆனால் ஆறு வாரம் முட்டியை மடக்கக் கூடாது என்று சொல்லி, டாக்டர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு பட்டையை மாட்டி அனுப்பினார்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. அன்றைக்கு நாலு பேர் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்று பார்த்தார்கள். சாமி புறப்பாடு என்று நினைத்தோ என்னவோ, இரண்டாம் மாடி மாமி கை கூப்பப் போய்ச் சட்டென்று நிறுத்திக்கொண்டதை நான் கவனித்தேன். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. பெருங்குடியில் வேலை பார்க்கும் எங்கள் பையன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றான். அவன் இருக்கும் அடுக்குமாடியிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, உடனே குடிவந்துவிடுங்கள் என்றான். எனக்கு ஐம்பத்தேழு வயது, அவருக்கு அறுபத்து மூன்று. இந்தப் படிகளை இன்னும் எத்தனை வருஷம் ஏறப் போகிறோம் என்று அவன் கேட்டதில் தப்பில்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பட்டையைக் கழற்றிய நாளிலிருந்து மூன்று மாதம். அதற்குள் நான் யார் துணையும் இல்லாமல் கீழே இறங்கித் திரும்ப ஏறிவிட்டால் மயிலாப்பூர். இல்லையென்றால் பெருங்குடி.

பெருங்குடியில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டும் கிடங்கு உண்டு, அந்தக் காற்றை வைத்து நான் கிண்டல் செய்ததெல்லாம் வெளிப்பேச்சு. பையனோடு இருப்பதும் எனக்குக் கசக்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷமாக ஏறி இறங்கிய படியை இனிமேல் ஏற முடியாது என்று நானே ஒப்புக்கொண்டு போவது எனக்குச் சகிக்கவில்லை. அந்த வீட்டைவிட்டு நானாகப் போகலாம், என்னைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

பயமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வயதான எலிகளின் தசையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயதாக ஆக இந்தச் செல்களின் எண்ணிக்கை குறையும், எழுந்திருக்கவும் நேரமாகும். சில எலிகளில் கிழிந்த இடத்தில் தசை வராமல் வெறும் நாரும் கொழுப்புமாக அடைத்துக்கொண்டிருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பட்டைக்குள் கிடக்கும் என் தொடையை அந்த ஆறு வாரமும் மனசுக்குள் அதே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

பட்டையைக் கழற்றியபோது வலது தொடை பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது. தோல் தொங்கியது. தொட்டால் கொழகொழவென்று இருந்தது. அன்றைக்கு ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அந்தக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்து, படித்து, பெசன்ட் நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கிறவள். ஒரு தாளில் ஒன்பது பயிற்சி எழுதிக் கொடுத்தாள். படுத்துக்கொண்டு செய்வது ஐந்து, எழுந்து நின்று செய்வது நாலு. அவளுடைய அக்காவுக்குப் பிரசவம், மூன்று வாரம் வர முடியாது, ஆனால் போன் செய்வேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நான் தையல் பெட்டியிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தேன். முட்டிக்கு மேல் ஒரு சாண் தள்ளி இரண்டு தொடையையும் அளந்தேன். இடது நாற்பத்தெட்டு சென்டிமீட்டர், வலது நாற்பத்து நாலு. டேப்பிலேயே இடதுக்குச் சிவப்பு மையிலும் வலதுக்கு நீல மையிலும் ஒரு கோடு போட்டேன். எங்கள் வேலையில் எதை அளந்தாலும் அதன் பக்கத்தில் அடிபடாத ஒன்றை வைத்து அதோடுதான் ஒப்பிடுவோம். கன்ட்ரோல் என்று பெயர். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் அதைச் சாட்சி என்று சொல்லிக் கொடுப்பேன். என் இடது கால் சாட்சி. அதனால் நோட்டில் ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதினேன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். முதல் நாள் நாலு.

அடுத்த வாரம் மூன்றரை. அதற்கடுத்து மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. கழித்து வந்த எண்ணைத்தான் பார்த்தேன், டேப்பில் போட்ட கோடுகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படுத்துக்கொண்டு செய்யும் ஐந்து பயிற்சியை மட்டும், வலது காலுக்கு மட்டும், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நிற்கிற பயிற்சியின்போது முட்டி நடுங்கியது, பயமாக இருந்தது. எண்தான் குறைகிறதே, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். போனில் அந்தப் பெண் கேட்டபோது வித்தியாசம் நன்றாகக் குறைந்து வருகிறது என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

என் கணவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. காப்பி கட்டிலுக்கு வந்தது, தட்டு கட்டிலுக்கு வந்தது, பேப்பர் வந்தது. நானும் அவருக்கு ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். கிழிந்த இடத்தில் செல்கள் வேலையில் இருக்கின்றன, மற்ற இடத்தில் இருப்பவை தூங்கட்டும், உடம்பைப் போட்டு அலட்டக் கூடாது என்று. அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சோம்பலுக்கு அவ்வளவு படித்த காரணம் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் இரண்டு தொடையையும் இரண்டு கையால் பிடித்து அழுத்திப் பார்த்தாள். நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, இடது தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, இந்தக் காலு இப்டி எளச்சிக் கீது?”

“அது நல்ல காலும்மா. அடிபட்டது வலது” என்றேன்.

“அத்தத்தான் சொல்றேன். நல்ல காலு எங்க கீது? ரெண்டும் ஒரே மாதிரி தொளதொளன்னு கீது.”

டேப்பை எடுத்துச் சுற்றினேன். இடது தொடையில் டேப் சிவப்புக் கோட்டுக்கு வரவேயில்லை. இரண்டு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. வலது தொடையில் சுற்றினேன். அதே நீலக் கோடு. மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயே, ஒரு நூல்கூட நகரவில்லை. வித்தியாசம் குறைந்தது உண்மைதான். வலது ஏறவில்லை, இடது இறங்கியிருக்கிறது. படுக்கவைத்து நானே இளைக்கவிட்ட ஒரு காலைச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறேன். இரண்டு கால்களின் அளவையும் தனித்தனியாக எழுதியிருந்தால் முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும்.

இதைவிட இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் ஒரு மாணவி எலியின் ஒரு காலில் காயம் செய்துவிட்டு, அதே எலியின் மறுகாலைக் கன்ட்ரோலாக வைத்தாள். நான் பார்த்துவிட்டுக் கத்தினேன். ஒரு காலில் அடிபட்டால் அந்தச் சேதி ரத்தத்தில் போய்விடும். மறுகாலில் தூங்கும் செல்கள் எழுந்திருக்காவிட்டாலும் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும், அடுத்து நமக்கு என்று. அது அடிபடாத கால் ஆகாது, வேறு எலி வேண்டும் என்று சொல்லி அத்தனையையும் முதலிலிருந்து செய்ய வைத்தேன். அந்த மாணவி கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அதே தப்பைத்தான் நான் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்தில் மூன்று வாரம் வீணாகப் போய்விட்டது. கிழிந்த கால் தேறவில்லை, கிழியாத காலும் போச்சு. வயதான எலியின் நார்தான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். என் கணவர் சமையலறை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“தூங்கிண்டிருக்கறதை எழுப்பப்படாதுன்னு நீதானே சொன்னே?” என்றார்.

நான்தான் சொன்னேன்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் என் பயத்தைச் சொன்னேன், எலி, நார், வயது எல்லாவற்றையும். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் வலது முட்டிக்கு மேலே மூன்று விரலை வைத்து, காலை நீட்டி இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன். விடச் சொன்னாள். மறுபடி இறுக்கச் சொன்னாள். விரலுக்கு அடியில் ஏதோ திரள்வது எனக்கே தெரிந்தது.

“கிழிஞ்சது ஒட்டிக்கிச்சும்மா. உள்ள வேல நடந்துதான் கீது. நீங்க ஏந்து நிக்காததுதான் பாக்கி” என்றாள். “அப்பால அந்த டேப்ப உள்ள வைங்க.”

என் அனுபவத்தில் நிம்மதி என்பது இப்படித்தான் வரும், திட்டோடு சேர்ந்து. கிழிந்த இடத்தில் செல்கள் என்னைக் கேட்காமல், என் நோட்டைப் பார்க்காமல், அந்த ஒன்பது வாரத்தில் தங்கள் வேலையை ஓரளவு முடித்திருக்கின்றன. மிச்சமிருந்த இளைப்பு அவை சம்பந்தப்பட்டதே இல்லை. உபயோகிக்காமல் வைத்திருந்ததால் இழைகள் மெலிந்துபோயிருந்தன, அவ்வளவுதான். அதற்கு ஸ்டெம் செல்லைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அன்றிலிருந்து கட்டிலுக்கு எதுவும் வரவில்லை. சாப்பாட்டு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், பத்துப் பத்தாக. முதல் நாள் நாலாவதிலேயே பொத்தென்று விழுந்தேன். ஒரு வாரம் போனதும் அந்தப் பெண் என்னைப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் போயிற்று. மறுநாள் இரண்டு தொடையும் கல்லாகிவிடும். பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது இழைகளில் அங்கங்கே பொடிப்பொடியாகக் கிழியும், தூங்குகிறவற்றில் சில அதற்கு எழுந்திருக்கும் என்று நான் படித்தது ஞாபகம் வந்தது. எல்லா வலிக்கும் அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை நினைத்துக்கொண்டால் இறங்குவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

டேப்பை என்னால் முழுசாக விட முடியவில்லை, பழக்க தோஷம். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் அந்த மாணவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அன்று கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, வேறு எலி வேண்டும் மேடம் என்றாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவரின் தொடையை அளக்க ஆரம்பித்தேன். அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார். ஒரு மாதத்தில் அவர் தொடையும் ஒரு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. நான் விழுந்துவிடுவேனோ என்று தினமும் என் பின்னாலேயே ஐம்பத்து நான்கு படி ஏறி இறங்கினால் ஏறாமல் என்ன செய்யும்? இந்தச் சாட்சியும் தேறாது என்று டேப்பைத் தையல் பெட்டியில் போட்டு மூடினேன்.

மூன்று மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை நான் துணையில்லாமல் இறங்கியதில்லை. துணை இருக்கும்போது கால் யாரை நம்பி இறங்குகிறது என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஒருநாள் காலையில் என் கணவர் குளிக்கப் போனார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பர்ஸை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

கைப்பிடியைத் தொட்டுக்கொண்டுதான் இறங்கினேன், ஆனால் சாயவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் வலது கால் ஒருமுறை நடுங்கியது. நின்றேன். அது நின்றதும் மறுபடி இறங்கினேன். கீழே வந்து, தெருமுனை வண்டியில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கினேன். ரொம்ப நாளாச்சே, ஊருக்குப் போயிருந்தீங்களா என்று கீரை விற்கிறவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஏறும்போது அவசரப்படவில்லை. பதினெட்டு, முப்பத்தாறு, ஐம்பத்து நான்கு. மூன்றாம் மாடியில் நின்று என் வீட்டு மணியை நானே அடித்தேன். நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது அதை அடித்து.

அவர் தலை துவட்டிய துண்டோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த கீரையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் செருப்பு அலமாரிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வாரமும் என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகமாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, பையனுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டார். பண்ணுங்கோ என்றேன். போனைக் கையில் எடுத்தவர் நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்.

“வலிக்கறதா?”

“வலிக்கறது” என்றேன்.

“எந்தக் கால்?”

யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது.

“ரெண்டும்” என்றேன். “ஒரே மாதிரி வலிக்கறது.”